காற்று திரும்பும்போது ஜெயிப்பது யார்? டார்பே 1948 முதல் வேமத் 2012 வரை

இன்னைக்கு எபிசோடை ஒரு தோல்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். வேற யாரோடதும் இல்லை, என்னோட தோல்விதான்.

சில வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் ஒரு பாய்மரப் படகு கோர்ஸில் சேர்ந்தேன். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து ஓட்டுற சின்னப் படகு. கடைசி நாள் எங்களுக்குள்ளேயே ஒரு குட்டி ரேஸ் வச்சாங்க. எட்டு படகு. காற்று வர்ற திசையில் தூரத்தில் ஒரு மிதவை, அதைச் சுத்திட்டு திரும்பி வரணும். அவ்வளவுதான்.

ஸ்டார்ட் ஆன ரெண்டாவது நிமிஷம், வலது பக்கம் தண்ணி கருப்பா சுருங்குறதைப் பார்த்தேன். அங்கே காற்று அதிகம்னு அர்த்தம். உடனே அந்தப் பக்கம் கிளம்பினேன். காற்றும் கொஞ்சம் வலது பக்கம் திரும்பிச்சு. மத்த ஏழு பேரும் இடது பக்கம் பின்னாடி தெரிஞ்சாங்க. சந்தோஷம் தாங்கல. நான் பாட்டுக்கு வலது ஓரத்துக்கே போய்க்கிட்டு இருந்தேன். அப்புறம் காற்று மறுபடி இடது பக்கம் திரும்பிச்சு. அஞ்சு நிமிஷத்தில் நான் எட்டாவது ஆள்.

கரைக்கு வந்ததும் பயிற்சி கொடுத்த அண்ணாகிட்ட, "பேட் லக்கு அண்ணா, காத்து மாறிடுச்சு"ன்னு சொன்னேன். அவர் படகைக் கழுவிக்கிட்டே சொன்னார்: "காத்து மாறும் தம்பி. வலது பக்கம் வந்தது திரும்பிப் போகும்னு நீ யோசிச்சியா? அது உனக்கு மட்டுமா மாறிச்சு? எட்டு பேருக்கும்தான மாறிச்சு."

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. யாராலும் கட்டுப்படுத்த முடியாத ஒன்றை வைத்து நடக்கிற விளையாட்டில், சில பேர் மட்டும் எப்படித் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார்கள்? அது அதிர்ஷ்டமா, திறமையா? இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, இங்கிலாந்தின் தென்கரையில் 64 வருட இடைவெளியில் நடந்த இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் போய் நின்றேன். ஒன்று 1948, டார்பே. இன்னொன்று 2012, வேமத். லைம் விரிகுடாவின் மேற்கு முனையில் இருப்பது டார்பே. கிழக்கே போர்ட்லண்ட் முனையைத் தாண்டினால் வேமத். கிட்டத்தட்ட பக்கத்து ஊர்கள்.

இரண்டு கதையிலும் காற்று உண்டு. ஆனால் படிக்கப் படிக்க, கதையில் காற்றுக்குச் சமமாக இன்னொரு பாத்திரமும் இருப்பது தெரிந்தது. அது யார்னு போகப் போகச் சொல்றேன்.

காற்றை எதிர்த்து ஒரு படிக்கட்டு

முதல்ல ஒரு அடிப்படை. இது புரிஞ்சா மீதி எல்லாம் புரிஞ்சுடும்.

பாய்மரப் படகால் காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. பாய் சும்மா படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். காற்றுக்குச் சுமார் 45 டிகிரி சாய்வாகத்தான் போக முடியும். அதனால் எதிர்க்காற்றில் இருக்கும் மிதவைக்கு எல்லோரும் வளைந்து வளைந்துதான் ஏறுவார்கள். கொஞ்ச தூரம் இடது சாய்வு, ஒரு திருப்பம், கொஞ்ச தூரம் வலது சாய்வு. மலைப்பாதையில் பஸ் ஏறுவது மாதிரி. மலைப்பாதையில் வளைவுகளை நெடுஞ்சாலைத் துறை முடிவு செய்கிறது. கடலில் எங்கே வளைவது என்பதை நீங்களேதான் முடிவு செய்யணும்.

இப்போ மனசுக்குள்ள ஒரு படம் போட்டுக்கோங்க. மிதவையில் இருந்து உங்களை நோக்கி ஒரு பெரிய படிக்கட்டு இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியும் காற்றுக்குக் குறுக்காக, நீளமாகக் கிடக்கிறது. ஒரே படியில் இருக்கும் இரண்டு படகுகள், பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருந்தாலும், பந்தயத்தில் சமம்.

காற்று 10 டிகிரி வலது பக்கம் திரும்பினால் என்ன ஆகும்? மொத்தப் படிக்கட்டும் திரும்பிவிடும். ஒரு நொடி முன்னால் வரை ஒரே படியில் இருந்தவர்களில், வலது பக்கம் இருந்தவர் மேல் படிக்குப் போய்விடுவார், இடது பக்கம் இருந்தவர் கீழ்ப் படிக்கு வந்துவிடுவார். இரண்டு பேருமே வேகமாகவும் ஓட்டவில்லை, மெதுவாகவும் ஓட்டவில்லை. அவர்கள் இருந்த இடம் மட்டும்தான் காரணம்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? பக்கவாட்டில் 100 மீட்டர் இடைவெளி, காற்று 10 டிகிரி திரும்புகிறது என்றால், ஓட வேண்டிய தூரத்தில் சுமார் 25 மீட்டர் லாபம். ஒலிம்பிக்கில் பல காலம் ஓடிய ஃபின் என்ற படகின் நீளம் நாலரை மீட்டர். ஐந்து படகு நீளத்துக்கும் மேலான முன்னிலை. உடம்பை வருத்தி, பாயை மில்லிமீட்டர் கணக்கில் இழுத்துச் சரி செய்து அந்த 25 மீட்டரைச் சம்பாதிக்க ரொம்ப நேரம் ஆகும். காற்று அதை ஒரே நொடியில் கொடுக்கும். எடுத்தும் விடும்.

இதிலிருந்து முதல் விதி வருகிறது. காற்று திரும்பி, படகின் மூக்கை மிதவையை விட்டு விலக்கித் தள்ளினால், அந்தச் சாய்வில் தொடராதே, உடனே மறு சாய்வுக்குத் திரும்பு. ஏன்னா, இந்தச் சாய்வுக்குக் கெட்டதாக வந்த அதே காற்று, மறு சாய்வுக்கு நல்லதாக இருக்கும். மூக்கை மிதவை பக்கமாக உயர்த்தினால் அப்படியே போய்க்கிட்டே இரு.

இரண்டாவது விதி: ஓரத்துக்குப் போகாதே. ஓரம் என்றால், இன்னும் ஒரே ஒரு திருப்பம் போட்டால் மிதவைக்கு நேராகப் போய்விடலாம் என்ற கடைசி எல்லை. அங்கே போய் நின்றுவிட்டால், அதற்கப்புறம் காற்று நல்லபடியாகத் திரும்பினாலும் அதை உபயோகிக்க உங்களிடம் இடம் இருக்காது. நடுவில் இருப்பவனுக்குக் காற்றின் ஒவ்வொரு திருப்பமும் ஒரு வாய்ப்பு. ஓரத்தில் இருப்பவனுக்கு அது வெறும் செய்தி. அன்றைக்கு சென்னையில் நான் போய் நின்றது அந்த ஓரத்தில்தான்.

மூன்றாவது விஷயம்தான் கஷ்டம். காற்று இரண்டு விதமாகத் திரும்பும். ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வருவது ஒரு விதம். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போய், திரும்பி வராமலே இருப்பது இன்னொரு விதம். மத்தியானத்தில் கடற்காற்று உள்ளே வரும்போது நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. ஊஞ்சல் என்றால், மூக்கு விலகினதும் திரும்பிடணும். ஒருவழிப் பயணம் என்றால், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேரணும், மூக்கு விலகினாலும் பரவாயில்லை. அதாவது, ஒரு நாளில் சரியான முடிவு இன்னொரு நாளில் தப்பான முடிவு. எந்த நாள் எது என்பதைத்தான் கண்டுபிடிக்கணும்.

டார்பே, 1948: இருபது வயசுக் கொத்தனார்

சரி, இப்போ 1948 ஆகஸ்ட். போர் முடிந்து மூன்றே வருஷம். லண்டன் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயங்கள் டெவன் கடற்கரையில் டார்பேயில் நடக்கின்றன. டென்மார்க்கில் இருந்து பால் எல்வ்ஸ்ட்ரம் என்று ஒரு இருபது வயசுப் பையன் வருகிறார். கோபன்ஹேகனுக்கு வடக்கே ஹெல்லெரப்பைச் சேர்ந்தவர். தொழில், கட்டட வேலை.

அவருக்குக் கிடைத்த படகு ஃபயர்ஃப்ளை. 12 அடி நீளம். உஃபா ஃபாக்ஸ் வடிவமைத்தது. போர்க்காலத்தில் விமானம் செய்யப் பழகிய அதே முறையில், சூடாக்கி அச்சில் வார்த்த ஒட்டுப்பலகையால் செய்த படகு. உண்மையில் இது இரண்டு பேர் ஓட்டும் படகு. அந்த ஒலிம்பிக்கில் ஒரே ஆள் ஓட்டினார். மொத்தம் 21 நாடுகள், 7 ரேஸ். ஒவ்வொருவரும் தன் மோசமான ஒரு ரேஸைக் கழித்துவிடலாம்.

முதல் ரேஸில் எல்வ்ஸ்ட்ரம் முடிக்கவே இல்லை. பாதியில் விலகினார். புள்ளி பூஜ்யம். கழிக்க இருந்த ஒரே ரேஸ் முதல் நாளே செலவாகிவிட்டது. இனி ஆறும் கணக்கில் வரும்.

இப்போதான் நான் சொன்ன அந்த இன்னொரு பாத்திரம் மேடைக்கு வருது. அதோட பேர் கணக்கு.

1948இல் புள்ளி கொடுத்த முறை விசித்திரமானது. மடக்கை வைத்த சூத்திரம். ஆமாம், பத்தாவது கணக்கில் மடக்கை அட்டவணையைப் பார்த்து எரிச்சலானோமே, அதேதான். கலந்துகொண்ட படகுகளின் எண்ணிக்கையின் மடக்கையில் இருந்து நீங்கள் வந்த இடத்தின் மடக்கையைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்கி, 101 சேர்க்க வேண்டும்.

21 படகுக்குப் போட்டுப் பார்த்தேன். முதலிடத்துக்கு 1423 புள்ளி. இரண்டாமிடத்துக்கு 1122. வித்தியாசம் 301. சரி, பதினோராவது இடத்துக்கு 382. கடைசி இருபத்தொன்றாவது இடத்துக்கு 101. வித்தியாசம் 281 மட்டும்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பதினோராவது இடத்தில் இருந்து கடைசிக்கு விழுந்தால் போகும் புள்ளியைவிட, முதலிடத்தில் இருந்து இரண்டாமிடத்துக்கு விழுந்தால் போகும் புள்ளி அதிகம். அதாவது அந்தச் சூத்திரம் ஓட்டுபவரிடம் சொன்னது இதுதான்: நடுவில் வருவதும் கடைசியில் வருவதும் கிட்டத்தட்ட ஒன்று, ஜெயித்தால் மட்டும் பேசு. நடுவில் மாட்டிக்கொண்டவன் ஓரத்துக்குப் போய்க் காற்றிடம் சூதாடிப் பார்க்கலாம், இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

கடைசி இரண்டு ரேஸ் வந்தபோது எல்வ்ஸ்ட்ரம் கையில் இருந்த வழி ஒன்றே ஒன்று. ஜெயிக்கணும். இரண்டையும் ஜெயித்தார். மொத்தம் 5543 புள்ளி. அமெரிக்காவின் ரால்ஃப் எவன்ஸ் 5408. நூற்று முப்பத்தைந்து புள்ளி வித்தியாசத்தில் தங்கம். அந்த இரண்டில் ஒன்றில் இரண்டாவதாக வந்திருந்தால்கூட 301 புள்ளி போய், தங்கமும் போயிருக்கும்.

வீடு திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. படகின் ஓரத்தில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்த்துத் தொங்குவதைப் பழக, வீட்டிலேயே ஒரு பெஞ்ச் செய்துகொண்டார். பனிக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் அதில் காலை மாட்டித் தொங்கினார். இன்றைக்கு ஜிம், கோர் வொர்க்கவுட் என்பதெல்லாம் சாதாரணம். அன்றைக்குப் படகு ஓட்டுபவர்கள் அப்படிச் செய்வது வழக்கமே இல்லை. இதுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. தொடை எரிந்துகொண்டிருக்கும்போது எவனாலும் தலை தூக்கித் தண்ணீரைப் பார்க்க முடியாது. உடம்பு தாங்கினால்தான் கண் வேலை செய்யும்.

1952இல் ஹெல்சிங்கி. ஸ்வீடனின் ரிக்கார்ட் சார்பி வடிவமைத்த புதுப் படகு, ஃபின். சார்பியே அதில் போட்டியிட்டு வெண்கலம் வாங்கினார். தங்கம் எல்வ்ஸ்ட்ரமுக்கு. 1956 மெல்போர்ன், மறுபடி தங்கம். 1960 நேப்பிள்ஸ், மறுபடி தங்கம். ஒரே தனிநபர் விளையாட்டில் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் என்பது அதற்கு முன் யாரும் செய்யாதது. நேப்பிள்ஸில் இன்னொரு விஷயமும் நடந்தது. கடைசி ரேஸ் அன்று அவருக்கு உடம்பு முடியவில்லை, தண்ணீரில் இறங்கவே இல்லை. ஆனாலும் தங்கம் அவருக்கே. அதுவரை சேர்த்த புள்ளியை யாராலும் எட்ட முடியவில்லை. டார்பேயில் அவரைக் கடைசி நிமிடம் வரை துரத்திய அதே கணக்கு, நேப்பிள்ஸில் அவரைப் படுக்கையில் இருந்தபடியே ஜெயிக்க வைத்தது.

ரெண்டு டாக்டர், ஒரு ஏரிக்காரர்

நடுவில் ஒரு சின்ன சுத்து. காற்று திரும்புவதைப் பற்றி முறையாக எழுதியவர்கள் யார் என்று தேடினேன். சுவாரசியமா, ரெண்டு முக்கியமான பேர் டாக்டர்கள்.

ஒருவர் மான்ஃப்ரெட் கரி. 1899இல் ம்யூனிக்கில் பிறந்தவர். அம்மர்ஸே ஏரியில் படகு ஓட்டியவர். பாய்களின் காற்றியக்கத்தையும் பந்தயத் தந்திரங்களையும் சேர்த்து 1920களில் அவர் எழுதிய புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. இன்னொருவர் ஸ்டூவர்ட் வாக்கர். அமெரிக்காவின் மேரிலாந்தில் குழந்தை மருத்துவர், பேராசிரியர். சின்னப் படகு பந்தயத் தந்திரங்களைப் பற்றி 1966இல் ஒரு புத்தகம் எழுதினார், பிறகு காற்றுக்காகவே தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

ஏன் டாக்டர்கள்? என்னோட ஊகம் இது. நோயாளியைப் பார்க்கிற டாக்டருக்கும் முழு உண்மை தெரியாது. நாடி, காய்ச்சல், நிறம் என்று அறிகுறிகள்தான் தெரியும். அதை வைத்து முடிவெடுத்தாக வேண்டும், காத்திருக்கவும் முடியாது. காற்றும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரின் நிறம், கரையில் ஒரு புகை, முன்னால் போகும் படகின் சாய்வு, திசைகாட்டி எண் என்று அறிகுறிகள்தான்.

அந்த எண் விஷயம் முக்கியம். காற்று சராசரியாக 220 டிகிரியில் இருந்து வருகிறது, இரண்டு பக்கமும் பத்து பத்து டிகிரி ஆடுகிறது என்று வைப்போம். வலது பக்கத்தில் காற்று வாங்கிப் போகும் சாய்வில் உங்கள் படகின் திசை சராசரியாக 175 இருக்கும். 185 காட்டினால் நல்ல திருப்பம், தொடருங்க. 165 காட்டினால் கெட்ட திருப்பம், உடனே திரும்புங்க. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், எண் பொய் சொல்லாது. ரேஸ் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் இந்த எண்களைக் குறித்து வைப்பவர்தான், இன்றைக்கு ஊஞ்சலா ஒருவழிப் பயணமா என்று ஊகிக்க முடியும்.

ஏரிக்காரர், படி மெல்ஜஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெண்டா என்ற சின்ன ஊர். கடலே கிடையாது. சுற்றிலும் மரமும் மேடுமாக இருக்கும் ஏரிகளில் வளர்ந்தவர். திறந்த கடலில் காற்று ஓரளவு ஒழுங்காக வரும். நிலத்தைத் தாண்டி வரும் காற்று மரம், மேடு, கட்டடம் எல்லாவற்றிலும் இடித்து, உடைந்து, துண்டு துண்டாக இறங்கும். அதில் வளர்ந்த கண்ணோடு 1972இல் கீல் நகருக்குப் போனார் மெல்ஜஸ். மூன்று பேர் ஓட்டும் சோலிங் வகையில் ஒலிம்பிக் தங்கம்.

நிலத்தைத் தாண்டி வரும் காற்று. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அடுத்த கதைக்கு வேணும்.

வேமத், 2012: ஒன்பதாவது வந்தவருக்குத் தங்கம்

ஆகஸ்ட் 5, 2012. ஞாயிற்றுக்கிழமை. ஃபின் வகையின் கடைசிப் பந்தயம், மெடல் ரேஸ். முதல் பத்து பேருக்கு மட்டும் அனுமதி, புள்ளி இரட்டிப்பு. 2008இல் இருந்து ஒலிம்பிக்கில் வந்த முறை இது.

இந்த ரேஸை நோத் மேட்டுக்கு அடியிலேயே வைத்தார்கள். மேட்டில் கோட்டை, தோட்டம், டிக்கெட் வாங்கிய ஆயிரக்கணக்கான ரசிகர்கள். படகுப் பந்தயத்தைக் கரையில் உட்கார்ந்து கிரிக்கெட் மாதிரி பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். ரசிகர்களுக்கு நல்லது. படகு ஓட்டுபவர்கள் பலர் முணுமுணுத்தார்கள். ஏன்னா கரைக்கு இவ்வளவு பக்கத்தில், நிலத்தைத் தாண்டி வரும் காற்று எப்போது எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. நாலு வருஷ உழைப்பு அந்தக் கந்தல் காற்றில் முடிவாகணுமா?

அன்றைக்கு நிலவரம் இது. இந்தக் காலத்துக் கணக்கு எளிமையானது: முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2, யார் மொத்தம் குறைவோ அவருக்குத் தங்கம். டென்மார்க்கின் யோனாஸ் ஹோ கிறிஸ்டென்சன் 26. பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி 28. நெதர்லாந்தின் பீட்டர்-யான் போஸ்ட்மா 42. பிரான்ஸின் ஜோனதன் லோபேர் 47.

ஐன்ஸ்லி யார்? 2000இல் லேசர் வகையில் தங்கம், 2004இலும் 2008இலும் ஃபின்னில் தங்கம். இன்னொன்று வாங்கினால் எல்வ்ஸ்ட்ரமின் நான்கைத் தொட்டுவிடுவார். 1996இன் வெள்ளியும் இருப்பதால் தாண்டியே விடுவார். சொந்த நாட்டில். அந்தச் சாதனையைக் காப்பாற்ற எதிரில் நிற்பவர் எல்வ்ஸ்ட்ரமின் நாட்டுக்காரர். இதைக் கதையாக எழுதிக் கொடுத்தால், ரொம்ப சினிமாத்தனமா இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. போதாக்குறைக்கு, முதல் ஆறு ரேஸிலும் அந்த டேனிஷ் வீரர் ஐன்ஸ்லிக்கு முன்னால்தான் வந்தார்.

இப்போ ஐன்ஸ்லியோட கணக்கைப் போடுவோம். டேனிஷ் வீரருக்கு ஒரு இடம் முன்னால் வந்தால் இரட்டிப்பில் இரண்டு புள்ளி கிடைக்கும். இரண்டு பேரும் சமம். சமமானால், மெடல் ரேஸில் முன்னால் வந்தவருக்குத் தங்கம். அதாவது, ஐன்ஸ்லி இந்த ரேஸை ஜெயிக்கத் தேவையே இல்லை. ஒரே ஒரு படகுக்கு முன்னால் இருந்தால் போதும்.

இது காற்றைப் பார்க்கும் விதத்தையே மாற்றிவிடும். தனியாக ஓடினால், அடுத்து காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்க வேண்டும். தப்பலாம். ஆனால் எதிராளி எந்தப் பக்கம் போகிறாரோ நானும் அதே பக்கம், அவருக்குக் கொஞ்சம் முன்னால் என்று இருந்துவிட்டால் ஊகமே தேவையில்லை. காற்று எப்படித் திரும்பினாலும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி திரும்பும். படிக்கட்டு சாய்ந்தால் ரெண்டு பேரும் சேர்ந்தே சாய்வோம். முன்னால் இருப்பவனுக்குப் பக்கவாட்டு இடைவெளி ஆபத்து. பின்னால் இருப்பவனுக்கு அந்த இடைவெளிதான் நம்பிக்கை.

நடந்தது கிட்டத்தட்ட அதுதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க, மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பத்து படகில் ஐன்ஸ்லி ஒன்பதாவது இடத்தை நோக்கி, டேனிஷ் வீரர் பத்தாவது இடத்தை நோக்கி. கணக்குப்படி ஐன்ஸ்லிக்குத் தங்கம்.

ஆனா மூணாவது ஒரு ஆள் இருக்காரே, போஸ்ட்மா! ஐன்ஸ்லி ஒன்பதாவது வந்தால் மொத்தம் 46. போஸ்ட்மா இரண்டாவதாக வந்தால் அவருக்கும் 46. மெடல் ரேஸில் முன்னால் வந்தவர் அவர் என்பதால் தங்கம் நெதர்லாந்துக்கு. கடைசிச் சுற்றில், காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு முடிவுக் கோட்டை நோக்கி வரும்போது போஸ்ட்மா மூன்றாவது. முன்னால் நியூசிலாந்தின் டேன் ஸ்லேட்டர். ஒரே ஒரு படகைத் தாண்டினால் ஒலிம்பிக் தங்கம். எங்கோ பின்னால் இருக்கும் ஐன்ஸ்லியால் ஒன்றும் செய்ய முடியாது. பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும்.

போஸ்ட்மா தாண்டப் பார்த்தார். அவர் பாயின் அடிக்கழி ஸ்லேட்டரின் படகில் பட்டது. விதிமீறல். அங்கேயே படகைச் சுற்றித் தண்டனையை முடிக்க வேண்டும். சுற்றி முடிப்பதற்குள் ஐந்தாவது ஆகிவிட்டார். மொத்தம் 52. ரேஸை ஜெயித்த லோபேர் 49 புள்ளியோடு வெண்கலத்தை எடுத்துக்கொண்டார். தங்கத்துக்கு ஒரு படகு தூரத்தில் இருந்தவர் பதக்கமே இல்லாமல் நான்காவது.

ஐன்ஸ்லி 46, ஹோ கிறிஸ்டென்சன் 46. ஒன்பதாவதாக வந்தவருக்கு நான்காவது தங்கம். பத்தாவதாக வந்தவருக்கு வெள்ளி.

அப்போ, அதிர்ஷ்டமா?

இந்தக் கதையைச் சொன்னா பெரும்பாலானவங்க, "ஐன்ஸ்லிக்கு மச்சம்பா"ன்னுதான் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். போஸ்ட்மாவின் அந்த ஒரு உரசல் ஐன்ஸ்லியின் கையில் இல்லை. அது உண்மை. ஆனால் கந்தல் காற்றில் தன் தலைவிதியைக் காற்றிடம் கொடுக்காமல், தனக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒருவரோடு கட்டிப் போட்டது அவர் எடுத்த முடிவு. அதுக்கு ஒரு விலை உண்டு. மற்ற எட்டு பேரையும் விட்டுவிட வேண்டும். அந்த விட்ட இடத்தில்தான் போஸ்ட்மா நுழைந்தார். எந்த ஆபத்தை ஏற்றுக்கொள்வது என்பதை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும்னு எனக்கு இங்கேதான் புரிஞ்சது.

ஒரு விளையாட்டுக்குக் கணக்குப் போட்டேன். 1948 சூத்திரத்தை வேமத் மெடல் ரேஸுக்குப் போட்டால், முதலிடத்துக்கு 1101 புள்ளி. ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் இடையே வெறும் 46 புள்ளி. அந்தக் கணக்கில் யாரும் ஒன்பதாவது இடத்துக்காகப் பத்தாவது ஆளைக் கட்டிக்கொண்டு கிடக்க மாட்டார்கள். எல்லோரும் முதலிடத்துக்குத்தான் பாய்வார்கள். காற்று அதே காற்று, படகு அதே படகு. புள்ளி கொடுக்கும் முறை மாறினால் துணிச்சலின் அளவே மாறிவிடுகிறது. இருபது வயசு எல்வ்ஸ்ட்ரம் ஜெயிச்சே ஆகணும்னு ஓட்டியதும், 35 வயசு ஐன்ஸ்லி தோற்காமல் இருக்க ஓட்டியதும் வெறும் சுபாவ வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் தங்கள் காலத்துக் கணக்கைச் சரியாகப் படித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்வ்ஸ்ட்ரமுக்கு வயசு 84. அதற்குள் அவர் எட்டு ஒலிம்பிக்கில் ஓட்டி முடித்திருந்தார். 1984இல் தன் மகள் ட்ரீனோடு சேர்ந்து ஓட்டி நான்காவதாக வந்தார், 1988இலும் இருவரும் சேர்ந்து போனார்கள். 2016 டிசம்பரில் காலமானார். 1952இல் அவர் ஜெயித்த ஃபின் படகு டோக்கியோவோடு ஒலிம்பிக்கை விட்டுப் போனது. அதே டோக்கியோவில், வேறொரு வகையில், நம்ம சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டினார். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்.

என் ரேஸுக்கு வர்றேன். "அது உனக்கு மட்டுமா மாறிச்சு?"ன்னு அந்த அண்ணா கேட்டதில் ரெண்டு கேள்வி இருந்தது இப்போதான் தெரியுது. ஒன்னு, காற்றைக் குறை சொல்லாதே. இன்னொன்னு, காற்று மாறினப்போ மத்த ஏழு பேரும் எங்கே இருந்தாங்கன்னு பார்த்தியா? நான் பார்க்கவே இல்லை. கருத்த தண்ணியை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

போன மாசம் மறுபடி போனேன். இந்த முறை ஆறு படகு. வலது பக்கம் தண்ணி கருத்தது. கொஞ்ச தூரம் போனேன், மூக்கு விலகினதும் திரும்பினேன், கூட்டத்தைப் பார்த்துக்கிட்டே நடுவில் ஏறினேன். நாலாவது வந்தேன். அண்ணா ஒன்னும் சொல்லல. படகைக் கழுவ ஒரு வாளியை மட்டும் என் கையில் கொடுத்தார்.

நீங்க யாராவது பாய்மரப் படகு ஓட்டியிருக்கீங்களா? இல்ல, உங்க ஊர்ல கடலுக்குப் போறவங்க காற்று திரும்பப் போறதை எந்த அறிகுறியை வச்சுச் சொல்றாங்க? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.